ஆசிரியரும் எழுத வேண்டிய குறிப்பு

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் உழைப்பாளர் சிலை. அடையாற்றைக் கடந்து தெற்கே சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1850இல் தொடங்கப்பெற்ற சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். 1966இல் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். 1957இல் அவரையடுத்து முதல்வரானவர்.

படித்து வெளியேறியவர்கள் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்று தூரிகையைத் துறப்பதைப் பணிக்கர் கண்டார். அதை மாணவரின் உறுதிக்குறைவென்று ஒதுக்கவில்லை. பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயில் ஓவியத்தைத் தொடர வழி தேடினார். அந்தக் கூட்டுமுயற்சியே கிராமமாக வளர்ந்தது. வகுப்பறைக்கு வெளியே மாணவர் என்ன ஆகிறார் என்பதைக் கொண்டு தம் கற்பித்தலை எடைபோடும் துணிவு அது.

கட்டடக்கலை மாணவரின் வரைபடத்தின்மேல் ஆசிரியர் தாமே வரைந்து காட்டிப் பேசும் வகுப்பை ஆராய்ந்த அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன், செயலினூடாகவே நிகழும் சிந்தனையைப் பற்றி 1983இல் நூலெழுதினார். கலை, வடிவமைப்புக் கல்வியாளர்கள் பலர் அதை ஏற்றனர். ஆனால் நடைமுறையில் அச்சிந்தனை மாணவர் தலையில் மட்டுமே விழுந்துவிடுகிறது. ஏன் இந்த நிறம், ஏன் இந்த வடிவம் என்று அவர் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். ‘சரியில்லை, மாற்று’ என்ற ஆசிரியரோ எதையும் எழுத வேண்டியதில்லை. மாணவர் விரைவில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: ஓவியத்தை அன்று, ஆசிரியரின் முகக்குறிப்பை வாசிக்க. கவிதைக்கு ஒரே பொருள் சொல்லி முடிக்கும் நம் தமிழ் வகுப்புகளிலும் இதுவே நிகழ்கிறது.

தரமதிப்பீட்டுக் குழுவுக்காக ஆண்டிறுதியில் நிரப்பும் படிவம் இதற்கு மருந்தாகாது. ஒவ்வொரு விமரிசன அமர்வுக்குப் பின்னும் ஆசிரியர் நான்கு வரி எழுதட்டும்: என்ன திருத்தச் சொன்னோம், ஏன் சொன்னோம், அத்திருத்தம் படைப்பின் தேவையா நம் ரசனையா, மாணவர் மறுத்தாரா. அதை மாணவரும் படிக்கட்டும். மதிப்பெண் கையிலிருக்கும்போது இப்படி எழுதுவது எளிதன்று. அதிகாரம் சற்றே குறையத்தான் செய்யும்.

குறையட்டும். நம்மைப் போலவே வரையும் மாணவர்களைப் பெறுவதைவிட, நாம் எண்ணிப்பாராத ஒன்றைக் கட்டியெழுப்பும் ஒருவரைப் பெறுவது மேல்.