குடியை வளர்ப்பது எது?

குடிகாரன் மேன்மேலும் குடிப்பதற்கு அவன் மனவுறுதியின்மையே முழுக் கரணியம் என்பர் பலர். எளிய தீர்ப்பு இது. தீர்ப்புரைப்போர்க்கு இதில் எப்பொறுப்பும் இல்லையன்றோ!

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்தும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மாண்டோருட் பலர் நாள்கூலிகள். அரசுக் கடைகள் திறந்திருக்கவும் இவர்கள் கள்ளச் சாராயத்தை நாடியது ஏன்?

விடை கூலியில் உள்ளது. குடி பழகப் பழக உடல் அதற்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளும். நேற்றைய அளவு இன்று வெறியூட்டாது. அளவு ஏறும், கூலியோ ஏறாது. கடைப் புட்டியை வாங்க வழியற்றவன் விலை மலிந்த பொதிச் சாராயத்திற்கு இறங்குகின்றான். முதுகொடியச் சுமந்த நோவும், வட்டிக்காரன் வாயிலில் நிற்கும் மானக்கேடும், ஊர் ஒதுக்கிவைத்த இழிவும் அவனை மேலும் உந்துகின்றன. குடியால் வேலை கெடும். வேலை கெடக் கடன் மிகும். கடன் மிகக் குடியும் மிகும்.

சூழலின் வலிமைக்கு வியத்துநாம் போர் ஒரு சான்று. அங்கு எராயினுக்கு அடிமைப்பட்ட அமெரிக்கப் படைஞர், 1971-இல் நாடு திரும்பிய பின் ஆராயப்பட்டனர். முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே என இலீ இராபின்சு அம்மையார் கண்டார். போர்க்களமும் மலிந்த நஞ்சும் நீங்கின, பெரும்பாலோர் மீண்டனர். கருணாபுரத்துக் கூலியோ, எங்குத் திரும்புவான்? அவன் வீடே அவன் போர்க்களம்!

2003 முதல் சில்லறைக் குடி வாணிகத்தைத் தானே நடத்தும் தமிழ்நாட்டரசு, 2023-24-இல் அதனால் 45,000 கோடி உருபாவுக்கு மேல் வருவாய் ஈட்டியது. மாண்டோர் குடும்பத்திற்குப் பத்து இலக்கம் உருபா வழங்கியது. 2024-இல் சட்டத்தையும் கடுமையாக்கியது. சட்டம் விற்றவனைச் சிறையிலடைக்கும். குடித்தவனைச் சுழலினின்று மீட்காது. ஆகவே, வட்டந்தோறும் குடிமீட்பு மருத்துவமும், நிலையான வேலையும், கந்துவட்டியினின்று விடுதலையும் வேண்டும். கடைகளைப் படிப்படியாக மூடுதலும் இவற்றோடு இணைதல் வேண்டும்.

புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். குடி தனியொருவனின் ஒழுக்கக் கேடு மட்டுமன்று. அரசும் பொருளும் பற்றிய கேடுமாம். ஆள்வோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!