தெய்வம் முன்னே நடந்த வழி

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் அரூரிலிருந்து சித்தேரிக்கு ஏறும் பேருந்தில் சென்றேன். முன்னிருக்கை இளைஞர்கள் வளைவுக்கு வளைவு படம் எடுத்தபடி வந்தனர். மனத்தைப் புதுப்பித்துக்கொள்ள வந்திருப்பதாக அவர்களில் ஒருவர் சொன்னார். என்னருகே மலையாளிப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கீழ்நாட்டில் கூலிவேலை செய்பவர். ஊர்த் திருவிழாவுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் ஒருமுறைகூட வெளியே பார்க்கவில்லை. ஆனால் பேருந்திலிருந்து இறங்கியபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை அந்த இளைஞர்களிடம் நான் காணவில்லை. உண்மையைச் சொன்னால், என்னிடமும் அது இல்லை.

அன்று நான் யூத வழிபாட்டு மரபைப் பற்றிய நூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். பயணம் ஏன் சிலரை மட்டும் புதுப்பிக்கிறது என்ற கேள்விக்கு அந்த மரபில் ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பெசாக், ஷாவூஓத், சுக்கோத் ஆகிய மூன்று திருவிழாக்களுக்கும் ஜெருசலேம் ஆலயத்திற்குச் செல்ல வேண்டும் என்பது தோராவின் கட்டளை. பொ.யு. 70இல் ரோமானியர் அந்த ஆலயத்தை அழித்தனர். சென்றடையும் இடம் இல்லாமலானது. ஆனால் பயணம் நிற்கவில்லை, வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. பெசாக் இரவு உணவில், எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தாமே வெளியேறியவர்களாகத் தம்மை எண்ணிக்கொள்வது ஒவ்வொருவருக்கும் கடமை. சுக்கோத் நாட்களில் முற்றத்தில் இலைதழைகளால் கூரை வேய்ந்த குடிலில் வாழ்கிறார்கள். கூரையின் இடைவெளியில் விண்மீன்கள் தெரிவது சிறப்பு. சித்தேரியின் தினைக்காட்டுக் காவல்குடிலை நினைவூட்டும் அந்தக் குடிலில் ஏழு நாள் இருந்தவனுக்குத் தன் கல்வீடும் ஒரு தங்குமிடமே என்பது புரிந்திருக்கும். இதே மரபுதான் ஓய்வுநாளில் ஊர் எல்லையிலிருந்து 2000 முழத்திற்கு மேல் நடக்கலாகாது என்றும் விதித்தது. ஓயாமல் நடப்பவனுக்கு நடையின் பொருள் மறந்துபோகும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதியாகவே அதை நான் வாசிக்கிறேன்.

இவையெல்லாம் வெறும் சடங்குகள்தானே என்று கேட்கலாம். நம் நாட்டு யூதர்களான பெனே இஸ்ரேல்களின் வாழ்க்கை வேறொன்றைச் சொல்கிறது. கொங்கணக் கடற்கரையில் கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்களின் தொன்மம். எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்தியதால் சனிவார் தேலி என்று பெயர் பெற்றவர்கள். அலிபாக் அருகே கண்டாலா என்ற சிற்றூரில் ஒரு பாறை இருக்கிறது. எலியா தீர்க்கதரிசியின் தேர் விட்டுச்சென்ற தடம் அதில் பதிந்திருப்பதாக நம்பி அங்கே நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். இனிப்பும் தேங்காயும் சேர்த்த அவல், பழங்களோடு ‘மலிதா’ படைப்பது அவர்கள் வழக்கம். 1948க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். தலைமுறை தலைமுறையாக எந்தத் திசை நோக்கிப் பிரார்த்தித்தார்களோ அங்கேயே போய்ச் சேர்ந்தாயிற்று. இருந்தும் அங்கிருந்து சிலர் அந்தக் கொங்கணப் பாறையைத் தேடி வருகிறார்கள். புனித நிலத்தை அடைந்தவனுக்கும், தன் முன்னோர் கைகூப்பிய இடம் தேவைப்படுகிறது.

சித்தேரிப் பெரியவரின் மலர்ச்சியை இங்கே வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இம்மலைகளின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள வடிவத்தில் முதலில் காஞ்சியை விட்டுக் கிளம்பியது தெய்வம்தான். கரிராமன் புறப்பட்டுவிட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய மூவர் குடும்பங்களோடு பின்தொடர்ந்து மலைக்கொருவராகப் பிரிந்தனர். சின்னண்ணன் வந்து சேர்ந்தது, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மஞ்சவாடிப் பக்கம். யூத ஞானியரும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டபோது ‘ஷெகினா’ என்னும் இறையிருப்பும் அவர்களோடு சென்றது என்பது தால்மூத் மரபு. ஒன்றில் தெய்வம் முன்னே போகிறது, மற்றொன்றில் கூடவே போகிறது. வழியில் விடப்பட்டவர்கள் தனியாக இல்லை என்ற உறுதியை இரண்டுமே தருகின்றன.

ஆகவே புதிய காட்சிகள் நம்மைப் புதுப்பிக்கும் என்று பயண நிறுவனங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. காட்சி இரண்டு நாளில் பழகிவிடும். நமக்கு முன்பே யாரோ நடந்த வழியில், அவர்களுக்குக் கடன்பட்டவர்களாக நடக்கும்போதே உள்ளே ஏதோ புதிதாகிறது. அந்த வழி நெடியதாக இருக்க வேண்டியதில்லை. முற்றத்துக் குடில் வரை சென்றாலும் போதும். மறந்துவிட்டால், உலகைச் சுற்றினாலும் நாம் வாடிக்கையாளர்கள் மட்டுமே. நாம் இளைப்பாறும் மலைகளும், அங்கே வாழ்பவர்களின் நினைவிலிருந்து பிரிக்கப்பட்டு, விற்பனைக்குரிய காட்சிகளாக எஞ்சும்.

அன்று மாலை நானும் படங்களோடுதான் மலையிறங்கினேன். என் பாட்டி ஆண்டுதோறும் நடந்தே போய்ப் பொங்கல் வைத்த குலதெய்வக் கோயில் ஒன்று உண்டு. நான் அங்கே போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது, பேருந்து அரூரை நெருங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.