விற்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார்

எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். உங்கள் தெருவிலும் இருக்கிறது, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காம்பவுண்டு சுவரை ஒட்டி, மாமரத்துக்குக் கீழே, நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார். நாலு டயரிலும் காற்று இருக்காது. உள்ளே பூனை குட்டி போட்டிருக்கும். அம்பாசடராக இருக்கலாம், பத்மினியாக இருக்கலாம். ஓனரிடம் போய், "சார், வண்டியைக் குடுப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊரில் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் விக்கறதுக்கு இல்ல தம்பி. ரெடி பண்ணணும்."

எப்போ சார்? அதைத்தான் கேட்கக்கூடாது. கேட்டால் கோபம் வரும்.

தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று வைக்கோல்போர் நாயைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் அந்த நாய் படுத்திருப்பதால் வைக்கோல் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அந்த வகையில் நாய் பரவாயில்லை :-)

எங்கள் தெருவில் இருந்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எங்கள் வீடு முடிச்சூர் பக்கம். இந்த வண்டி செய்யப்பட்ட தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. பிறந்த இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே வந்து படுத்துவிட்ட வண்டி!

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. இங்கிலாந்தில் 1959-ல் வந்தது டிரையம்ஃப் ஹெரால்டு. டிசைன் செய்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். அதையே 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. 948 சி.சி. எஞ்சின். முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு ஹெட்லைட் எல்லாம் சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் கண் முன்னால். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும், நம் ஊர்ச் சந்துகளுக்கென்றே செய்தது போல. தனி சேசிஸ், அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி. அதாவது கழற்றி, சரிபார்த்து, மறுபடி மாட்ட வசதியான வண்டி. ரிப்பேர் கற்றுக்கொள்ள நினைக்கும் மெக்கானிக்கல் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. எங்கள் லேபில் இருக்கும் வெட்டிவைத்த எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

2022-ல், முதல் வருஷம் சேர்ந்த ஜோரில், நானும் இரண்டு நண்பர்களும் அந்த அங்கிளிடம் போனோம். மூன்று பேர் வீட்டிலும் கெஞ்சிக் கூத்தாடி அறுபதாயிரம் ரூபாய் தேற்றி வைத்திருந்தோம். காபி கொடுத்தார். நன்றாகப் பேசினார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி, திருப்பதிக்கு எத்தனை தடவை போயிருக்கிறது, அவர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பே அதில்தான், எல்லாம் சொன்னார். 1998-க்குப் பிறகு ஸ்டார்ட் செய்யவில்லை என்றும் அவரே சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன வண்டி. கடைசியில், "விக்கறதுக்கு இல்ல."

சரி, விற்க வேண்டாம். "வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும் அங்கிள், நாங்க ஞாயித்துக்கிழமை வந்து வேலை மட்டும் பாக்கறோம், ஓட ஆரம்பிச்சா நீங்களே ஓட்டுங்க" என்றோம். யோசிக்கிறேன் என்றார். ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். "அங்கிள், கல் குடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தவாவது செய்யறோமே, தார்ப்பாயை வெயில்ல ஒரு நாள் கழட்டிப் போடறோமே." அதற்கும் வேண்டாம். "யாரும் தொடக்கூடாதுப்பா."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது காரை அல்ல. என்றைக்காவது அதை ரெடி பண்ணப்போகிற ஒரு ஆள் தனக்குள் இருக்கிறான் என்ற எண்ணத்தை. காரை விற்றுவிட்டால் அந்த ஆளும் போய்விடுவான். தொட விட்டாலும் போய்விடுவான், ஏனென்றால் இருபது வயசுப் பையன்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்கிற வேலையை இவர் கால் நூற்றாண்டாகச் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

"நான் ஒண்ணும் பண்ணலையே, அது பாட்டுக்கு நிக்குது" என்பார்கள். இது சுத்தப் பொய். நிற்கிற கார் நிற்பதே இல்லை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தார்ப்பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் மழையை அது தடுக்கும், சரி. மண்தரையிலிருந்து எழும் ஈரத்தை? உள்ளேயே பூட்டி வைக்கும். பகலில் ஆவியாகி, ராத்திரி தகரத்தின் உள்பக்கம் வியர்த்து வழியும். இரும்பை விடத் துரு அதிக இடம் பிடிக்கும், அதனால் இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு ஏறினால் தகடுகளையே பிளந்து தள்ளும். மேலே பெயின்ட் அப்படியே இருக்கும், கைவிரலால் அழுத்தினால் ஓட்டை விழும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் காற்றிலேயே உப்பு வேறு. மாவிலை உதிர்ந்து கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர் வழியை அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே இறங்கித் தரைத் தகட்டில் தேங்கும்.

அப்புறம் எஞ்சின். பெட்ரோல் கெட்டு, கோந்து மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிரேக் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். ஒயரிங்கை எலி பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் தடுக்க லட்சக்கணக்கில் செலவில்லை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றி விட்டாலே பாதி எஞ்சின் பிழைக்கும். மாதத்தில் பத்து நிமிஷம். அதைக்கூடச் செய்யாதவர் "உயிருக்குயிரா வச்சிருக்கேன்" என்று சொன்னால் எப்படி நம்புவது?

இன்னொரு கட்சி இருக்கிறது. "இருக்கட்டும்பா, வருஷம் ஆக ஆக விலை ஏறும்." இவர்களுக்கு எங்கேயோ படித்த ஒரு செய்தி மனசில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரான்ஸில் ரோஜர் பாயோன் என்று ஒரு லாரி முதலாளி. அருங்காட்சியகம் வைக்கப்போகிறேன் என்று 1950-களிலிருந்து பழைய கார்களாக வாங்கிக் குவித்தார். தொழில் நொடித்தது, அருங்காட்சியகம் வரவே இல்லை, கொஞ்சம் கார்கள் விற்பனைக்குப் போயின. மீதி அறுபது கார் அப்படியே கிடந்து, 2014-ல் வெளியே தெரிந்து, 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் போனது. ஒரே ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் மட்டும் சுமார் 1.6 கோடி யூரோ. பார்த்தாயா, சும்மா வைத்திருந்தால் கோடி!

முழுக் கதையையும் படியுங்கள் சார். அந்த ஃபெராரி கூரைக்குள், கதவு பூட்டிய ஷெட்டுக்குள், பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. ஒப்புக்கு ஒரு தகரக் கூரைக்குக் கீழே, திறந்தவெளியில் நின்ற வண்டிகள் பல செடி முளைத்து, பாடி மக்கி, எலும்புக்கூடாகக் கிடந்தன. இன்னொன்று, ஏலத்தில் விற்றவர்கள் பேரப்பிள்ளைகள். சேர்த்தவர் தாத்தா. அவர் கண்ட பலன் என்ன? போகட்டும், உங்கள் வீட்டில் நிற்பது ஃபெராரியா?

இங்கேதான் ஹெரால்டுக்கு என்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது, நான் இவ்வளவு கத்துவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டை இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள். எஞ்சின் சாமான், பிரேக் சாமான், ரப்பர், எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள், காசு கொடுத்தால் பார்சலில் வரும். ஆனால் அங்கே ஹெரால்டு எல்லாமே இரண்டு கதவு வண்டி. நாலு கதவு ஹெரால்டு என்பது 1960-களின் கடைசியில் மெட்ராஸில் மட்டும் செய்தது. மார்க் 3 என்று பெயர். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. தொழிற்சாலையும் 1988-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆக, மார்க் 3-க்கு ஒரு பின்கதவு வேண்டும், பின்கதவுக் கண்ணாடி வேண்டும் என்றால் லண்டனில் கிடைக்காது. ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு மாமரத்துக்குக் கீழே, ஏதாவது ஒரு தார்ப்பாய்க்குள்தான் இருக்கும். எங்கள் தெரு அங்கிளின் வண்டி நாலு கதவு மார்க் 3.

"என் வண்டி, என் இஷ்டம், நீ யாருடா கேக்க?" நியாயமான கேள்வி. யாரும் பிடுங்கவில்லை. சட்டம் போட்டுப் பறிமுதல் செய்யச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தச் சட்டமும் உங்களுக்காகக் காத்திருக்காது. 50 வருஷம் ஆன, ஒரிஜினல் நிலையில் உள்ள வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அதற்குப் பழைய ஆர்.சி. வேண்டும். ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும், அப்பா காலமாகியிருப்பார், வாரிசு யார் யார் என்று சான்றிதழ் வாங்கி, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி... புத்தகத்தையே கரையான் அரித்திருந்தால் கதை அதோடு சரி. தகரத்துக்கு முன்னாலேயே காகிதம் செத்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்க மாட்டேன் என்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் இல்லை. "பாத்துப் பாத்து வச்சுக்கறேன் சார்" என்று கண்ணீர் விட்டு வாங்கிப்போய், மறுவாரமே இரண்டு மடங்குக்கு விற்கிறவன் இருக்கிறான். மாருதி எஞ்சினைப் போட்டு, கிளிப்பச்சை அடித்து, கல்யாண வாடகைக்கு விடுகிறவன் இருக்கிறான். நாங்கள் மூன்று பேரும்கூட முழுசாக முடித்திருப்போமா என்று சத்தியம் செய்யச் சொன்னால், தயங்குவேன். பாதியில் நின்றுபோன ரெஸ்டோரேஷன் நாட்டில் ஏராளம். அப்பா ஞாபகம் என்பதும் சும்மா வார்த்தை இல்லை. என் பாட்டி தாத்தாவுடைய கண்ணாடிக் கூட்டை யாரையும் தொட விடமாட்டாள், நானும் தொடமாட்டேன். ஆனால் பாட்டி அந்தக் கண்ணாடியைத் தினம் துடைக்கிறாள். ஞாபகம் என்று சொல்லிக்கொண்டு அப்பாவை மழையில் நிறுத்தி வைப்பார்களா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஹெரால்டு சீட் வரைக்கும் முங்கியதை நான் பள்ளிக்கூடப் பையனாக மொட்டை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்கு, மறுபடி. தண்ணீர் வடிந்த பிறகு மூன்றாவது தடவையாகப் போனோம். இந்த முறை காசு பற்றிப் பேசவில்லை, சேற்றையாவது கழுவி விடுகிறோம் என்றோம். "பொங்கல் முடியட்டும்பா, ஆள் வச்சு மொத்தமா ரெடி பண்ணப்போறேன்" என்றார்.

போன வருஷம் வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட பில்டரிடம் கொடுத்தார்கள். அங்கிள் பையனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். வண்டியைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இடிக்க வந்த காண்ட்ராக்டர் ஜன்னல், கதவு, கிரில் கம்பியோடு அதையும் சேர்த்துக் காயலான் கடைக்கு ஏற்றிவிட்டார். நான் காலேஜிலிருந்து வந்தபோது மாமரமும் இல்லை. விற்க மாட்டேன் என்று சொன்னவர் கடைசி வரைக்கும் விற்கவே இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

இரண்டு நாள் அலைந்து கடையைக் கண்டுபிடித்தேன். சேசிஸை காஸ் கட்டரால் மூன்று துண்டாக வெட்டியிருந்தார்கள். பானட் நசுங்கிப்போயிருந்தது. எடைக்கு எடை காசு கொடுத்து நான் எடுத்து வர முடிந்தது இடது பின்கதவு ஒன்றும், கீறல் இல்லாத அதன் கண்ணாடியும் மட்டும். கதவின் அடி ஓரம் நாலு விரல் அகலத்துக்குத் துரு, மற்றபடி தகரம் நன்றாகவே இருக்கிறது. துருவைத் தேய்த்து ப்ரைமர் அடித்து, எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அம்மா தினம் திட்டுகிறாள்.

மார்க் 3 வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். காசு வேண்டாம். வண்டி ஓடுகிறதா என்று மட்டும் கேட்பேன். ஓடவில்லை என்றால், எந்த மாதம் ஓடும் என்று கேட்பேன். திருச்சியிலிருந்து ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வராவிட்டால் அடுத்தவருக்கு.