சென்ட்ரல் கோபுரத்தில் யாருக்கு இடம்?

சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தை ஒட்டி 27 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப மெட்ரோ ரயில் நிறுவனம் முனைந்திருக்கிறது. ஏறத்தாழ 350 கோடி ரூபாய்க்குக் கட்டுமான ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அந்த இடத்துக்கு இவ்வளவு உயரம் தேவைதானா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். தேவை என்பதே நம் கருத்து. மெட்ரோ முதல் கட்டத்தின் இரு வழித்தடங்களும் இங்கே சந்திக்கின்றன. வெளியூர் ரயில்களும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மின்சார ரயில்களும் இங்கேதான் வந்து நிற்கின்றன. சாலையைக் கடந்தால் தாம்பரம் தடத்தின் பூங்கா நிலையம். அதையடுத்துப் பறக்கும் ரயில். பழைய மாமல்லபுரம் சாலையில் கோபுரங்களை முதலில் கட்டிவிட்டு மெட்ரோவைப் பின்னால் கொண்டுவரும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. இங்கே ரயில் முந்திக்கொண்டது; கட்டடம் இப்போதுதான் வருகிறது. வரிசை சரியாக அமைந்த அபூர்வமான இடம் இது.

கவலை உள்ளே யாரை வைக்கப்போகிறோம் என்பதில்தான். கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் என்று பெயர் சொன்னாலும், இதுவரை பெரிதாகப் பேசப்படுவது கடை, அலுவலகம், அடித்தளத்தில் கார் நிறுத்தம் ஆகியவைதான். இரவு எட்டு மணிக்கு மேல் ஷட்டர் இறங்கிவிட்டால் அங்கே காவலாளியைத் தவிர ஆள் இருக்கமாட்டார்கள். நகர நிர்வாகிகள் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடம்போல இந்தக் கலப்பைச் சொல்கிறார்கள். அடுத்த பேட்டையான சவுகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் கீழே கடை, மேலே வீடு. கலப்பில் வீடு விட்டுப்போனால் மிஞ்சுவது ஒரு வணிக வளாகம். அதைக் கட்டத் தனியார் போதும், பொதுநிலம் வேண்டியதில்லை.

அந்தப் பொதுநிலத்தைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும்கூட நோயாளிகள் வருகிறார்கள். உள்ளே படுக்கை கிடைப்பது நோயாளிக்கு மட்டும். உடன் வந்தவர்களில் பலருக்கு, இரவுக் காப்பகங்கள் இருந்தும், நடைபாதையில் விரித்த துண்டுதான் படுக்கை. இரவு ஷிப்டு முடிக்கும் செவிலியர்கள், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையை நம்பியிருக்கும் துப்புரவுப் பணியாளர்கள், சரக்கு இறக்குபவர்கள் என்று இந்த வட்டாரத்தில் உழைப்பவர்களில் இங்கேயே வாடகைக்குக் குடியிருக்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. 2019 கடைசியில் கூவம் சீரமைப்பைச் சொல்லி, சென்ட்ரலுக்கு அருகே சத்தியவாணிமுத்து நகரில் வாழ்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்து என்ற காரணத்தை மறுக்க வேண்டாம். ஆனால் நகரின் நடுவில் இடமில்லை என்று சொல்லி ஏழைகளை அனுப்பிய அதே அரசு, அதே நடுவில் 27 மாடிக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறதே, அதற்கு என்ன பதில்? தளங்களில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைந்த வாடகைத் தங்குமிடமாக ஒதுக்க வேண்டும்: நோயாளிகளின் உறவினர்களுக்கு நாள் வாடகை அறைகள், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு தோழி விடுதி, மருத்துவமனை மற்றும் மாநகராட்சி ஊழியர்களுக்குச் சிறு வீடுகள். தோழி விடுதிகளை நடத்திக் காட்டியது இதே மாநில அரசுதான். அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது.

பயணக் கட்டணம் மட்டும் மெட்ரோவின் செலவைத் தாங்காது, அலுவலக வாடகைதான் கைகொடுக்கும், அதில் கைவைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய்த் திட்டம். கடன் சுமை பெரிது. ஆனால் ரயிலையும் நிலத்தையும் சேர்த்து லாபம் பார்த்ததற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஹாங்காங் எம்.டி.ஆர். நிறுவனம், நிலையங்களுக்கு மேலே அதிகம் கட்டியது குடியிருப்புகளைத்தான். மேலே குடியிருப்பவர் ஞாயிற்றுக்கிழமையும் ரயில் ஏறுவார். மூன்றில் இரண்டு பங்கைச் சந்தை வாடகைக்கு விட்டுக்கொள்ளட்டும், அதில் நமக்குப் பேச்சில்லை. மீதிப் பங்கில் வருமானம் குறையும்தான். சந்தை விலை கொடுத்து வாங்காத நிலத்தில் அந்தக் குறைவைத் தாங்க மறுத்தால், வேறு எந்த நிலத்தில் தாங்கப்போகிறோம்?

பணத்தை மிச்சப்படுத்த வேறு வழியும் உண்டு: கார் நிறுத்தத்தைக் குறைப்பது. இத்தனை ரயில்கள் கூடும் இடத்தில் நிலத்தைக் குடைந்து காருக்கு அடுக்கடுக்காக இடம் செய்வது, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் காரை அழைப்பதற்குச் சமம். நெரிசலைக் காரணம் காட்டிக் கோபுரத்தை எதிர்ப்பவர்கள் உண்மையில் எதிர்க்க வேண்டியது இந்த அடித்தளங்களை. கூவம் கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, பக்கிங்காம் கால்வாய் அதைவிட அருகில். பெருமழை நாளில் ஆழமான அடித்தளத்தைக் காப்பாற்றும் செலவும் சேரும். பாரம்பரியக் கட்டடங்களின் அழகு கெடும் என்ற வாதத்துக்கு அவ்வளவு கனம் இல்லை. 1873-இல் திறந்த சென்ட்ரலுக்கும் 1913-இல் வந்த ரிப்பன் மாளிகைக்கும் நடுவே நிற்கும் விக்டோரியா மண்டபம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்ததற்கு எந்தக் கோபுரமும் காரணமில்லை.

தீ விபத்து பற்றிய அச்சம் அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. 1975-இல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. மக்கள் இரவில் உறங்கும் உயரமான கட்டடத்துக்குப் புகை புகாத படிக்கட்டு, இடையிடையே ஒதுங்கும் தளம், எப்போதும் வேலை செய்யும் நீர்த்தூவிகள் எல்லாம் அலுவலகத்தைவிடக் கண்டிப்பாக வேண்டும், செலவு கூடும். ஆகவேதான் முடிவு இப்போதே வேண்டும் என்கிறோம். அலுவலகத் தளத்தில் கழிவறைகளும் குழாய்களும் ஓரிடத்தில் குவிந்திருக்கும். தங்குமிடத் தளத்தில் அறைக்கு அறை தண்ணீரும் கழிவுநீரும் ஓட வேண்டும். கான்கிரீட் எழும்பிய பிறகு மாற்றலாம் என்றால், முடியாது என்ற பதில்தான் அப்போது கிடைக்கும். எந்தத் தளம் எதற்கு, வாடகை எவ்வளவு, யாருக்கு முன்னுரிமை என்பதை மெட்ரோ நிறுவனம் முதலில் பொதுவில் வைக்கட்டும். குத்தகை ஒப்பந்தப்புள்ளி கோருவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.