புறம்போக்கு பூங்காவாகும்போது

தமிழில் நாம் சாதாரணமாகப் புழங்கும் வசவுகளில் ஒன்று 'பொறம்போக்கு'. வருவாய்த் துறையின் ஆவணங்களில் அந்தச் சொல்லுக்கு எந்த இழிவும் கிடையாது. தனியார் யாருக்கும் பட்டா இல்லாத, பொதுப் பயன்பாட்டுக்காக விடப்பட்ட நிலம் என்பதுதான் பொருள். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, ஆற்றங்கரை எல்லாம் அதில் அடங்கும். நிலத்தைக் குறித்த ஒரு சொல் மனிதர்களைத் திட்டும் சொல்லாக எப்படி மாறியது? அந்த நிலத்தில் யார் குடியிருந்தார்கள் என்று பார்த்தால் விளங்கிவிடும். ஊருக்குள் மனை மறுக்கப்பட்டவர்களும், பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து வாடகை வீடு கிடைக்காதவர்களும்தான் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள்.

இப்போது சென்னையில் அந்த நிலத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. ஆற்றுப் புறம்போக்கு 'பூங்கா' ஆகிறது, 'நடைபாதை' ஆகிறது, 'சூழல் மறுசீரமைப்பு' ஆகிறது. நிலத்தின் பெயர் மாறிவிட்டது. அதில் வாழ்ந்த மக்களின் பெயர் மட்டும் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. ஆற்றங்கரைப் பூங்கா யாருக்கான பொதுவெளி என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் கேட்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்கா வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. விடுதி அறையிலும் நூலகத்திலும் நாளைக் கழிக்கும் ஆய்வு மாணவனுக்குக் காசில்லாமல் உட்கார ஒரு மரத்தடி எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். அடையாறு முகத்துவாரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 358 ஏக்கர் கழிமுகப் பகுதியில் 58 ஏக்கர் முதற்கட்டமாக மீட்கப்பட்டு, 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டட இடிபாடுகளும் கழிவுநீரும் கொட்டிக் கிடந்த இடம் அது. இன்று அங்கே அலையாத்தி மரங்கள் நிற்கின்றன, நண்டுகள் சேற்றில் வளை தோண்டுகின்றன, கொக்கும் நாரையும் இறங்குகின்றன. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் ஓர் இடத்தை நகரத்தின் நடுவில் மீட்டெடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்த வேலையைக் குறைத்துப் பேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் அந்தப் பூங்கா இருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். அதே பகுதியில்தான் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது. அதே பகுதியில்தான், பக்கிங்காம் கால்வாய்க் கரையில், கோவிந்தசாமி நகரும் இருந்தது. நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். மே மாதம், இடிப்பை எதிர்த்து அந்த மக்களில் ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே மாற்று வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பக்கத்திலேயே வீடு தர முடியும் என்பதை அரசு ஒப்புக்கொள்வதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கோவிந்தசாமி நகர் மக்கள் கால்வாயை ஆக்கிரமித்ததாகச் சொல்லப்பட்டது. அதே பக்கிங்காம் கால்வாயின் மீதுதான் பறக்கும் ரயில் ஓடுகிறது. அதன் தூண்கள் கால்வாய்க்குள் இறங்கி நிற்கின்றன. அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன் மேல் சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை நீட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. 'உள்கட்டமைப்பு' என்கிறோம். 1867இல் தொடங்கப்பட்ட படகு மன்றம் ஒன்று அடையாற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. அதை 'பாரம்பரியம்' என்கிறோம். தார்ப்பாய்க் கூரைக்கு மட்டும் ஆற்றோடு எந்தப் பாரம்பரியமும் கிடையாது போலும்.

வெள்ளம் வந்தால் உயிர் போகுமே, கரையில் வாழ விடலாமா என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நியாயமான கேள்வி. 2015 வெள்ளத்தில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை ஆற்றோர மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாதுகாப்பான வீடு அவர்களுக்கும் வேண்டும். ஆனால் எங்கே கொண்டுபோய் விட்டோம்? பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும். இரண்டுமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். செம்மஞ்சேரிக் குடியிருப்பில் தண்ணீர் புகுவது பருவமழைக்காலச் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கமும் மூழ்கியது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஒரு சதுப்பு நிலத்தின் விளிம்பில் பல்லாயிரம் வீடுகளைக் கட்டிவிட்டு, ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதில் சூழலியல் எங்கே இருக்கிறது? ஓர் ஆற்றின் வெள்ளத்திலிருந்து ஒரு சதுப்பின் வெள்ளத்துக்கு மக்களை மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆறு நாறுவதற்கும் குடிசைகள்தான் காரணம் என்பது இன்னொரு பொதுப்புத்தி. அடையாறு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. கூவம் 72 கிலோமீட்டர். இவற்றில் மாடி வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் வடிகால்கள் வழியாக வந்து சேர்கிறது. கழிவறையில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவருக்குத் தன் மலம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சாக்கடையின் பக்கத்தில் வேறு வழியில்லாமல் குடியிருந்தவரும், அதன் அடைப்பை எடுக்க இறங்கியவரும்தான் அசுத்தமானவர்கள் ஆனார்கள். தீட்டை உண்டாக்குபவன் தூய்மையானவனாகவும், அதைச் சுமப்பவன் தீட்டானவனாகவும் ஆகும் இந்தக் கணக்கு நமக்குப் புதியதில்லை.

ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்பு சைதாப்பேட்டை ஆற்றோரம் இருந்தவர். இப்போது பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு. "காலைல நாலரைக்கு எழுந்தாதான் தம்பி பஸ்ஸப் புடிக்க முடியும். ஏழு மணிக்கு இங்க கையெழுத்து போடணும்" என்றார். பேரப்பிள்ளையை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததுண்டா என்று கேட்டேன். "எங்க தம்பி? ஞாயித்துக்கெழமதான் இங்க கூட்டம். அன்னிக்கு எனக்கும் வேல. லீவே வியாழக்கெழமதான், அன்னிக்கு அதுக்கு ஸ்கூலு" என்று சிரித்தார். வீடு இடிக்கப்பட்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்தப் பூங்காவின் ஒவ்வொரு செடியையும் அவருக்குத் தெரியும். ஆனால் அதன் 'பார்வையாளர்' என்ற கணக்கில் அவர் இல்லை.

பூங்காவுக்குள் வருபவர்களிலும் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. நகரத்தின் பல பூங்காக்களில் காவலாளி முதலில் எடைபோடுவது நம் உடையையும் செருப்பையும்தான். விலையுயர்ந்த காலணியோடு ஓடுபவரை யாரும் நிறுத்துவதில்லை. கைலி கட்டிய நாலு பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறார்கள். ஜோடியாக வந்தால் அடையாள அட்டை கேட்கிறார்கள், 'குடும்பமா' என்று கேட்கிறார்கள். சாதி தாண்டிக் காதலிப்பவர்களுக்கு வீட்டில் இடமில்லை, சொந்த ஊரின் தெருவில் சேர்ந்து நடக்க முடியாது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கூட்டம் நிறைந்த சாலையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. யாரென்று தெரியாதவர்கள் நடுவே பயமில்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க நகரத்தின் பூங்கா பெஞ்சுதான் பலருக்கும் மிச்சம். அங்கேயும் வந்து 'குடும்பமா' என்று கேட்பது சாதியின் வேலையைச் செய்வதுதான்.

பொதுவெளி என்பது நமக்கு யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அலுவலகங்களைப் பயன்படுத்தவும் எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்பது அதன் சாரம். ஒரு பாதையில் நடக்கும் உரிமைக்காகவே சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை, இன்று 'இயற்கை நடை' போகும் நாம் மறந்துவிடக் கூடாது. மஹாட் நகராட்சி தன் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924இலேயே தீர்மானம் போட்டது. ஆனாலும் சவதார் குளத்தில் தீண்டப்படாதோர் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். ஏட்டில் திறந்திருப்பதும் நடப்பில் திறந்திருப்பதும் வேறு வேறு என்பதை அந்த நடை காட்டியது.

அந்தப் போராட்டத்தின் தடத்தை அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் பார்க்கலாம். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் யாருக்கும் தடை கூடாது என்கிறது அது. ஆற்றங்கரைப் பூங்கா நிச்சயமாக அந்தப் பட்டியலில் வரும். இன்று எந்தப் பூங்கா வாசலிலும் சாதி கேட்பதில்லை, உண்மைதான். கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்திவிட்டால், பேருந்துக் கட்டணமும் வேலை நேரமும் காவலாளியின் பார்வையுமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. தீவுத்திடல் பக்கம் கூவம் ஓரத்தில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. தலித் மக்களிலிருந்து எழுந்து மாநிலத்திலும் ஒன்றியத்திலும் அமைச்சரான ஒரு பெண் தலைவரின் பெயரைத் தங்கள் குடியிருப்புக்கு வைத்துக்கொண்டவர்கள் அந்த மக்கள். 2019 இறுதியில், கல்வியாண்டின் நடுவில், அங்கே வெளியேற்றம் தொடங்கியது. ஆற்றோரக் குடியிருப்புகளின் பெயர்கள் வெறும் முகவரிகள் இல்லை. தங்களை யாராக நினைத்துக்கொண்டோம் என்று அந்த மக்கள் எழுதிவைத்த வரலாறு. அந்த இடத்தில் செடி நட்டு, பறவைகளின் படத்தோடு பலகை வைக்கிறோம். எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வலசை வருகிறது என்று பலகை சொல்கிறது. இங்கே இருந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

கூவத்துக்கு 604 கோடி, அடையாற்றுக்கு 555 கோடி என்று மறுசீரமைப்புத் திட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன. அனகாபுத்தூரில் 2025 மே மாதத்தில்கூட அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. வேலை இன்னும் முடியவில்லை. அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்கலாம்.

கரையிலிருந்து அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்று வீடு அதே பகுதியில் தயாரான பிறகே அகற்ற வேண்டும். பள்ளி நடக்கும் மாதங்களில் இடிக்கக் கூடாது. ஆற்றின் எல்லையை அளப்பதானால் குடிசையிலிருந்து ஓடுபாதை வரை ஒரே அளவுகோலால் அளந்து, அந்த வரைபடத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். பூங்காவை நிர்வகிக்கும் குழுவில் அந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இடம் வேண்டும். அங்கே உருவாகும் வேலைகள் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தர வேலைகளாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். நுழைவுக் கட்டணமோ முன்பதிவோ அடையாள அட்டையோ கேட்காமல் கதவு திறந்திருக்க வேண்டும். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் இதே தரத்தில் பூங்காக்கள் வேண்டும். அலையாத்தி மரத்தைப் பற்றிய பலகைக்குப் பக்கத்தில், அங்கிருந்த குடியிருப்பின் பெயரையும் அது அகற்றப்பட்ட ஆண்டையும் சொல்லும் பலகை வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் பலரும் ஞாயிறு காலைகளில் பறவை பார்க்கவும் நடக்கவும் ஆற்றங்கரைக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். தாராளமாகப் போங்கள். போகும்போது இந்த நிலம் எப்போது பூங்காவானது, அதற்கு முன் இங்கே எந்த நகர் இருந்தது, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளை அங்கேயுள்ள நிர்வாகத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புறம்போக்கு என்றால் எல்லோருக்கும் பொதுவான நிலம். அந்தப் பொருளை மீட்டெடுக்காமல் ஆற்றை மட்டும் மீட்டெடுக்க முடியாது.