காலே படாத புல்லுக்கு எதற்கு இத்தனை தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் ஒரு பூங்காவைச் சீரமைக்கிறார்கள் என்றால் அநேகமாக முதலில் போவது வேலியோரத்துச் செடிகள்தான். நொச்சி, ஆடாதொடை எல்லாம் ‘புதர்’ என்ற கணக்கில் வெட்டப்படுகின்றன. பிறகு குட்டியானை வண்டியில் கொரியன் புல் வந்து இறங்குகிறது. செம்மண் கொட்டி, தட்டிச் சமன்செய்து, புல் பத்தைகளை நெருக்கி வைத்து ஹோஸைத் திறந்துவிடுகிறார்கள். பச்சை பிடித்ததும் ‘புல்லில் நடக்காதீர்கள்’ என்ற பலகை முளைக்கிறது. குழந்தை ஓடக் கூடாது, பெரியவர் உட்காரக் கூடாது, ஆனால் கோடை முழுக்கத் தண்ணீர் மட்டும் ஊற்றியாக வேண்டும். பொதுப் பணத்தில் இந்த அலங்காரப் புல்தரை போடுவதை நிறுத்த வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். சென்னை வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே ஒரு ஏக்கர் புல்லுக்கு 20,000 லிட்டர் போகிறது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்கிடுகிறார்கள். ஆக, ஒரு ஏக்கர் புல் ஒரு நாளில் குடிப்பது ஏறக்குறைய 150 பேருடைய தண்ணீர்.

2019 கோடையை இந்த ஊர் அதற்குள் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. மேலே சொன்ன கணக்குப்படி, சுமார் 125 ஏக்கர் புல்தரைக்கு அது ஒரே நாள் தண்ணீர்.

‘குடிநீரையா ஊற்றுகிறோம்? போர்வெல் தண்ணீர், சுத்திகரித்த கழிவுநீர்தானே’ என்று பதில் வரும். போர்வெல் தண்ணீர் அக்கம்பக்கத்து வீடுகளின் நிலத்தடி நீர். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் போட்டு மண்ணுக்குள் இறக்கிய நீரைப் பூங்காவில் உறிஞ்சிப் புல்லுக்கு ஊற்றுவது எந்த விதத்தில் நியாயம்? சுத்திகரித்த நீருக்கும் வேறு வேலை இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றன. அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் மக்களுக்கு மிஞ்சும் நன்னீர்.

சென்னைக்கு மழை குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தால் வைகாசி வரை வானம் பார்க்க வேண்டியதுதான். அந்த இடைவெளியைத் தாங்கப் பழகிய செடிகள் இந்த மண்ணில் ஏராளம். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறோமே ஆவாரை, அது சாலையோரச் சரளையில் யாரும் ஒரு குடம் ஊற்றாமல் பூத்து நிற்கிறது. அதன் இலையில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகளும் கூடவே வரும். விராலி, களா, நொச்சி, ஆடாதொடை என வேலிக்குப் பஞ்சமில்லை. கடலோரப் பூங்கா என்றால் மணலிலேயே படரும் அடம்பு இருக்கிறது.

தரையில் பச்சை வேண்டும் என்பவர்களுக்குப் பொடுதலை போதும். மண்ணோடு ஒட்டிப் படரும் கொடி. கணுவுக்குக் கணு வேர்விடும். விரல்நுனி அளவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். லேசாக மிதிபட்டாலும் தாங்கும். கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக வீட்டு முற்றங்களில் இதை வளர்க்கிறார்கள். நம் வரப்போரத்துச் செடி நம் பூங்காவுக்கு மட்டும் ஏன் ஆகாது?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். அங்கே 1999 முதல் புல்லைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று குடிநீர் ஆணையமே பணம் தருகிறது. ஒரு சதுர அடிப் புல்லை அகற்றினால் ஆண்டுக்கு 55 கேலன், அதாவது 200 லிட்டருக்கு மேல், மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. 2021-ல் நெவாடா மாநிலம் சட்டமே இயற்றியது: யாருக்கும் பயன்படாத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. தனி வீடுகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு சரியானது. பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தில் புல் இருக்கட்டும். அங்கும் அருகம்புல்லே போதும், கோடையில் பழுப்பானாலும் முதல் மழைக்குத் துளிர்த்துவிடும்.

அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். குப்பையும் கட்டட இடிபாடுகளுமாகக் கிடந்த அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரை மீட்டு, இந்தக் கடற்கரைக்கு உரிய மரஞ்செடிகளை நட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தது இதே சென்னைதான். அந்த அனுபவம் நகரின் மற்ற பூங்காக்களுக்கு ஏன் பரவவில்லை என்பதுதான் கேள்வி. புல்தரை என்றால் சதுர மீட்டரில் அளந்து பில் போடலாம், திறப்பு விழா அன்றே படத்தில் பச்சையாகத் தெரியும். ஆவாரை புதராகி நிற்க ஓராண்டாவது பொறுக்க வேண்டும். நாட்டுச் செடிக்கும் முதல் கோடையில் தண்ணீர் தேவை. வேர் இறங்கிய பிறகுதான் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். டெண்டரும் பராமரிப்பு ஒப்பந்தமும் இந்த ஓராண்டுக்கு இடம் கொடுத்து எழுதப்பட வேண்டும்.

மாநகராட்சி இனிப் போடும் பூங்கா மதிப்பீடுகளில் அலங்காரப் புல்தரையை நீக்கி, நாட்டுச் செடிகளின் பட்டியலைச் சேர்க்க வேண்டும். இருக்கும் புல்தரைகளில் யாரும் பயன்படுத்தாத பகுதிகளை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலேயே மாற்றி நடலாம். வாசகர்களும் தங்கள் வார்டில் அடுத்த ஏரியா சபை கூடும்போது, பூங்காப் புல்லுக்குத் தினமும் எத்தனை லிட்டர் போகிறது என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை