ஆவி பறக்குது மச்சி!

செமஸ்டர் லீவுக்கு ஊட்டினு முடிவானதுமே, 'மலைக்குப் போயிட்டு ஒரு டிஸ்டில்லரி பார்க்காம வந்தா எப்படி?'னு ஆரம்பிச்சுட்டாங்க பசங்க. நாசிக்ல சூலா திராட்சைத் தோட்டத்துக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போய் ஒயின் தயாராகறதைப் பார்க்கலாமாம். பெரம்பலூர், அரியலூர் பார்ட்டிகளான நமக்கு சிமென்ட் லாரியையும் கரும்பு லாரியையும் விட்டா என்ன தெரியும்? அதுலயும் எல்லாருக்கும் வயசு 20. டாஸ்மாக் விதிப்படி 21 ஆகணும். ஸோ, பீலா விடறதோட சரி!

ஆனா, பார்த்தோம். தைல டிஸ்டில்லரி!

ஊட்டிக்கு வெளியே ரோட்டோரமா ஒரு தகரக் கொட்டகை. பெரிய இரும்பு அண்டாவுல யூகலிப்டஸ் இலையை மிதிச்சு அமுக்கி மூடறாங்க. அடியில தண்ணி, கீழே தீ. ஆவி குழாய் வழியா தண்ணித் தொட்டிக்குள்ள போய், குளிர்ந்து சொட்டுது. தைலம் மேலே மிதக்குது. சக்கையான இலைதான் அடுத்த ஈட்டுக்கு விறகு. வெள்ளைக்காரங்க விறகுக்காக 1843-ல கொண்டு வந்த மரமாச்சே!

தைலத்துல முக்கால்வாசி இருக்கற சினியோலோட கொதிநிலை 176 டிகிரி. ஊட்டி உயரத்துல தண்ணியே 93 டிகிரிக்குப் பக்கத்துல கொதிச்சிடும். அப்புறம் எப்படி தைலம் ஆவியாகுது? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. அதனால ரெண்டோட ஆவி அழுத்தமும் கூட்டு சேர்ந்து காத்தை ஜெயிச்சிடுது. இதை போர்டுல மூணு பீரியட் நடத்தினப்போ எனக்குப் புரியவே இல்லைங்க!

"இலைக்குப் பதிலா ஊறலை ஊத்தினா சாராயம்டா!"னு ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரிச்சோம். கள்ளக்குறிச்சிக்காரன் மட்டும் சிரிக்கலை.

2024 ஜூன்ல அவன் ஊர்ல விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. கருணாபுரத்துல வரிசையா பாடை. அதுல இருந்தது மெத்தனால். எத்தனாலுக்கும் அதுக்கும் ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். பார்க்கவும் மோந்து பார்க்கவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உள்ளே போனா கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமா மாத்திடும். அது கண் நரம்பைப் பிடிக்கும்.

"எங்க சித்தி வீட்டுக்கு நாலு தெரு தள்ளிதான்டா"னான். அதுக்கு மேல பேசலை.

கிளம்பறப்போ ஆளுக்கொரு தைல பாட்டில் வாங்கினோம். அவன் கர்ச்சீப்புல ரெண்டு சொட்டு விட்டு மூக்குல வெச்சுக்கிட்டு, மேட்டுப்பாளையம் வரைக்கும் ஜன்னலோரமா தூங்கிட்டே வந்தான்.